செட்டிநாட்டின் கல்வி மரபும் கற்றல் உளவியலும்

செட்டிநாடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள நகரத்தார் ஊர்களின் தொகுதி. காரைக்குடி இதன் முதன்மை நகரம். இப்பகுதியில் கல்வி மூன்று வடிவங்களில் வளர்ந்தது. முதலாவது எண்ணும் எழுத்தும் கற்பித்த திண்ணைப் பள்ளி. இரண்டாவது கடல் கடந்த வணிகக் கடைகளில் நடந்த தொழிற்பயிற்சி. மூன்றாவது 1947-க்குப் பின் தோன்றிய கல்லூரிகளும் ஆய்வு நிறுவனமும்.

ஒருவர் எவ்வாறு கற்கிறார், கற்க வேண்டும் என்ற ஊக்கம் அவருக்கு எங்கிருந்து வருகிறது, கற்றவர்களில் சிலர் உயர்ந்த அடைவை எட்டவும் சிலர் எட்டாமல் போகவும் காரணம் என்ன ஆகிய மூன்றும் கல்வி உளவியலின் அடிப்படைக் கேள்விகள். செட்டிநாட்டின் வரலாறு இக்கேள்விகளுக்கு நல்ல எடுத்துக்காட்டாக அமைகிறது. நகரத்தாரின் வணிக வெற்றியைப் பற்றிப் பேசும்போது "கணக்கு அவர்கள் இரத்தத்தில் ஊறியது" என்று சொல்வது வழக்கம். பள்ளியில் பின்தங்கும் பிள்ளையைப் பற்றி "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்வதும் அதே வழக்கத்தின் மறுபக்கம். இரண்டு கூற்றுகளும் திறமை பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது என்று கொள்கின்றன. உளவியல் ஆய்வுகள் இதற்கு மாறான விளக்கத்தைத் தருகின்றன. பயிற்சியின் அமைப்பு, உடனடித் திருத்தம், எதிர்பார்ப்பு, வாய்ப்பு ஆகியவை சேர்ந்தே அடைவை உருவாக்குகின்றன என்பது அந்த விளக்கம்.

திண்ணைப் பள்ளியும் நினைவாற்றலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் பல ஊர்களைப் போலவே செட்டிநாட்டுச் சிறுவர்களும் திண்ணைப் பள்ளியில் எழுத்தும் எண்ணும் கற்றனர். மணலில் விரலால் எழுதிப் பழகிய பின் ஓலைச்சுவடிக்கு மாறினர். எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தனர். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வளர்த்தெடுத்தார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

எண்சுவடியில் முழு எண்களின் பெருக்கலுடன் பின்னங்களின் பெருக்கலும் இருந்தது. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒரு பங்கு, மா 20-இல் ஒரு பங்கு, வீசம் 16-இல் ஒரு பங்கு, அரைக்கால் 8-இல் ஒரு பங்கு. காலை அரைக்காலால் பெருக்கினால் அரைவீசம், அதாவது 32-இல் ஒரு பங்கு என்பதை மாணவன் யோசிக்காமலே சொல்லப் பழகினான்.

இந்த மனப்பாடத்தின் பயனை இன்றைய அறிதிறன் உளவியல் இரண்டு வழிகளில் விளக்குகிறது.

முதலாவது, செயல்படு நினைவின் எல்லை. மனித மனம் ஒரே நேரத்தில் மிகச் சில செய்திகளை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு சிந்திக்க முடியும். ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-இல் முன்வைத்த அறிதிறன் சுமைக் கோட்பாடு இந்த எல்லையை அடிப்படையாகக் கொண்டது. வட்டிக் கணக்கைப் போடும்போது ஒவ்வொரு பெருக்கலையும் புதிதாகக் கணக்கிட வேண்டியிருந்தால், கணக்கின் போக்கை மனம் தவறவிட்டுவிடும். பெருக்கல் விடைகள் நீண்டகால நினைவில் தயாராக இருந்தால், மனம் கணக்கின் பொருளில் கவனம் செலுத்த முடியும்.

இரண்டாவது, மீட்டெடுப்பின் பயன். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885-இல் மறதியின் போக்கை வெளியிட்டார். கற்றவற்றில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே விரைவாக மறந்துபோகிறது. இடைவெளிவிட்டுத் திரும்பக் கற்றால் மறதி குறைகிறது என்று அவர் கண்டார். 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் நடத்திய சோதனை இன்னொரு உண்மையைக் காட்டியது. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினர். படித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினர். சட்டாம்பிள்ளை கேட்கக் கேட்க நாள்தோறும் சுவடியைப் பாராமல் ஒப்பித்த சிறுவன், அறியாமலே இந்த இரண்டாம் வழியைப் பின்பற்றினான்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. பொருள் புரியாத ஒப்பித்தல் புதிய சூழலில் பயன்படுவதில்லை. பிரம்புக்கு அஞ்சிக் கற்கும் குழந்தையின் மனம் பாடத்தைவிட அடியைத் தவிர்ப்பதிலேயே கவனம் கொள்ளும். அச்சமும் பதற்றமும் செயல்படு நினைவின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், தெரிந்த விடைகூடத் தேர்வு நேரத்தில் வராமல் போகிறது.

கடைப் பயிற்சி: பார்த்துக் கற்றல்

திண்ணைப் பள்ளியில் கற்ற கணக்குக்குப் பொருள் கிடைத்த இடம் கடை. நகரத்தார் இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் லேவாதேவிக் கடைகளை நடத்தினர். அக்கடைகள் பல ஒரே கூரையின்கீழ் அமைந்த இடம் கிட்டங்கி எனப்பட்டது. அங்கே தரையில் பாய் விரித்து, முன்னால் ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடையும் தொழில் நடத்தியது.

கடையில் சேரும் சிறுவன் பெட்டியடிப் பையன் எனப்பட்டான். எடுபிடி வேலைகளும், கடிதத்தைப் படி எடுப்பதும், சிறு தொகையை எண்ணி வைப்பதும் அவன் வேலை. பெரியவர்கள் கடன் கேட்டு வருபவரிடம் எப்படிப் பேசுகிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், யாருக்கு மறுக்கிறார்கள் என்பதை அவன் அருகிலிருந்தே பார்த்தான். பிறகு அடுத்தாள் என்ற நிலைக்கு உயர்ந்தான். அனுபவம் முதிர்ந்தபின் முதலாளியின் சார்பில் கடையையே நடத்தும் மேலாள் ஆனான்.

இவ்வாறு ஒரு தொழிற்குழுவின் ஓரத்தில் சிறு வேலையுடன் நுழைந்து, படிப்படியாக அதன் நடுவுக்கு வரும் கற்றலை ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகியோர் 1991-இல் விரிவாக விளக்கினர். தையற்காரர், மருத்துவச்சி முதலானோர் தொழில் பழகும் முறையை அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டனர். இத்தகைய கற்றலில் தனியே 'பாடம்' என்று எதுவும் இல்லை. வேலையே பாடம்.

சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியின் கருத்தும் இங்குப் பொருந்தும். ஒரு குழந்தை தனியாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்தவர் உதவியுடன் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட வெளியை அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். கற்பித்தல் அந்த வெளியில் நிகழும்போதே பயன் தருகிறது. தெரிந்த வேலையை மட்டும் கொடுத்தால் சலிப்பு வரும். எட்டாத வேலையைக் கொடுத்தால் கைவிடுதல் வரும். கடிதம் படி எடுப்பவனிடம் முதல் நாளே பேரேட்டை ஒப்படைக்காமல், ஒவ்வொரு படியாக ஏற்றிய கடை ஒழுங்கு இந்த அளவை அறிந்திருந்தது.

கடையில் இன்னொரு வலுவும் இருந்தது. சிட்டையில் எழுதியது பேரேட்டுக்கு ஏறும். பேரேடு இறுதியில் ஐந்தொகையில் சரியாக வர வேண்டும். ஓரிடத்தில் தவறினால் கணக்கு நேராகாது. தவறைத் தேடிப் பிடிக்கும்வரை வேலை முடியாது. தவறு உடனே தெரிவதும், திருத்த வாய்ப்பு இருப்பதும் கற்றலை விரைவுபடுத்தும் இரண்டு நிபந்தனைகள். பள்ளித் தேர்வின் விடைத்தாள் பல வாரம் கழித்து மதிப்பெண்ணுடன் மட்டும் திரும்பும்போது இந்த இரண்டும் கிடைப்பதில்லை.

கடைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

கடையில் கற்றது பள்ளிக்கும், பள்ளியில் கற்றது கடைக்கும் தானாகச் செல்லுமா என்பது கல்வி உளவியலின் பழைய சிக்கல். இதனைக் கற்றல் மாற்றம் என்பர்.

5,000 ரூபாய்க்கு 'இரண்டு வட்டி' என்றால் மூன்று மாதத்தில் எவ்வளவு என்று காரைக்குடிக் கடைவீதியில் கேட்டால், "நூற்றுக்கு இரண்டு, ஐயாயிரத்துக்கு மாதம் நூறு, மூன்று மாதத்துக்கு முந்நூறு" என்று வாயாலேயே விடை வரும். அதே கணக்கு வகுப்பறையில் "அசல் 5,000 ரூபாய், ஆண்டு வட்டி வீதம் 24 விழுக்காடு, காலம் கால் ஆண்டு எனில் தனிவட்டி காண்க" என்று வரும். விடை 300 ரூபாய்தான். ஆனால் முதலாவதை எளிதில் போடும் ஒருவர் இரண்டாவதில் திணறக்கூடும். இரண்டாவதைச் சூத்திரத்தால் போடும் மாணவர் முதலாவதைக் கேட்டுத் திகைக்கக்கூடும்.

இது வெறும் ஊகம் அன்று. 1985-இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்கும் சிறுவர்களை டெரசின்யா கராகர் குழுவினர் ஆராய்ந்தனர். விற்பனையின்போது பெரும்பாலும் சரியாகக் கணக்கிட்ட சிறுவர்கள், அதே கணக்குகளைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது அதிகம் தவறினர். கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வும் இதே முடிவுக்கு வந்தது. பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினர் என்பதையும் அது காட்டியது.

ஆகவே தாளில் தவறும் பிள்ளைக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்ட முடியாது. அவரிடம் உள்ள கணக்கு வேறு மொழியில் இருக்கலாம். இரண்டு மொழிகளையும் இணைத்துக் காட்டுவது ஆசிரியரின் வேலை. 'இரண்டு வட்டி'தான் ஆண்டுக்கு 24 விழுக்காடு என்று ஒருமுறை சேர்த்துக் காட்டப்பட்ட மாணவருக்குச் சூத்திரத்தின் பொருள் பிடிபடும்.

ஊக்கம்: உள்ளிருந்தும் வெளியிலிருந்தும்

ஒரு செயலை அதன் சுவைக்காகவே செய்வது அக ஊக்கம். பரிசு, மதிப்பெண், தண்டனை ஆகியவற்றுக்காகச் செய்வது புற ஊக்கம். நல்ல விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும் என்று பி. எஃப். ஸ்கின்னர் முதலான நடத்தையியலாளர்கள் கூறினர். பெட்டியடிப் பையனுக்குச் சம்பள உயர்வும் பதவி உயர்வும் இருந்தன. அவை வலுவூட்டிகளே.

ஆனால் பரிசு எப்போதும் ஊக்கத்தைக் கூட்டுவதில்லை. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர், படம் வரைவதை விரும்பும் மழலையர் பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். வரைந்தால் பரிசு உண்டு என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொல்லி, பரிசும் கொடுத்தனர். பிறகு பரிசு இல்லாத நாட்களில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தனர். விளையாட்டாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகியோரின் தன்னிர்ணயக் கோட்பாடு அக ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறது. தன் செயலைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, தன்னை ஏற்றுக்கொள்ளும் மனிதர்களுடனான பிணைப்பு ஆகியவை அவை. கடைப் பயிற்சியில் பின்னிரண்டும் கூடுதலாகவே இருந்தன. ஒரே ஊர்க்காரர், ஒரே கோயில் பிரிவினர் என்ற உறவு வலை சிறுவனைத் தாங்கியது. முதல் தேவை குறைவாக இருந்தது. தொழிலைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் பெற்றோரே.

ஜான் அட்கின்சன் 1957-இல் ஊக்கத்தை எதிர்பார்ப்பும் மதிப்பும் சேர்ந்த ஒன்றாக விளக்கினார். ஒரு செயலில் வெற்றி கிடைக்கும் என்ற நம்பிக்கையும், அந்த வெற்றிக்குத் தாம் தரும் மதிப்பும் பெருகும்போது முயற்சி பிறக்கிறது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் முயற்சி இல்லை. "படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கும் மாணவருக்கு மதிப்பு குறைந்துள்ளது. "நான் படித்தால் வரவா போகிறது?" என்று கேட்பவருக்கு எதிர்பார்ப்பு குறைந்துள்ளது. இருவருக்கும் ஒரே அறிவுரை பயன்படாது.

ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் விளக்கிய தன்திறன் நம்பிக்கை, எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுகிறது. தானே பெற்ற சிறு வெற்றிகள், தன்னைப் போன்றவர் வெல்வதைக் காண்பது, நம்பத்தக்கவரின் சொல், உடல்–மன நிலை ஆகிய நான்கும் அதன் ஊற்றுகள். இவற்றுள் முதலாவதே மிக வலியது. நேற்றுவரை பெட்டியடியில் இருந்தவர் இன்று மேலாள் ஆனதைக் கண்ட சிறுவனுக்கு இரண்டாம் ஊற்றும் கிடைத்தது.

அடைவு ஊக்கமும் அதன் எல்லையும்

உயர்ந்த தரத்தை எட்ட வேண்டும் என்ற உந்துதலை அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்கிளெலண்ட் அடைவு ஊக்கம் என்றார். படங்களைக் காட்டிக் கதை சொல்லச் செய்து, அக்கதைகளில் வெளிப்படும் உந்துதலை அவர் அளந்தார். அடைவு ஊக்கம் மிக்கவர்கள் மிக எளிய வேலையையும் நடக்கவே நடக்காத வேலையையும் விரும்புவதில்லை. முயன்றால் முடியும் அளவிலான வேலையைத் தேர்கின்றனர் என்பது இத்துறையின் புகழ்பெற்ற முடிவு.

இந்த ஊக்கத்தைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கான முக்கியச் சோதனை தென்னிந்தியாவிலேயே நடந்தது. 1964 முதல் ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த வணிகர்களுக்கு மெக்கிளெலண்டும் டேவிட் விண்டரும் குறுகிய காலப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தனர். பயிற்சி பெற்றவர்கள் பின்னர்ப் பெறாதவர்களைவிட அதிகமாகத் தொழில் முயற்சிகளில் இறங்கினர் என்று 1969-இல் வெளியான அவர்களது நூல் கூறியது. அடைவு ஊக்கம் ஒரு குலத்தின் பிறவிச் சொத்து அல்ல, பயிற்சியால் வளரக்கூடியது என்பதற்கு இது சான்றாகக் காட்டப்பட்டது.

ஆயினும் ஊக்கம் மட்டுமே அடைவாகிவிடாது. இதற்கும் செட்டிநாட்டு வரலாறே சான்று. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த நகரத்தாரின் நிலவுடைமை, 1930-களின் இறுதியில் சுமார் 25 விழுக்காடாகியது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவர்களின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்ததே அதற்குக் காரணம். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பும், விடுதலைக்குப் பின் பர்மிய அரசு மேற்கொண்ட நிலத் தேசியமயமும் அந்தச் சொத்தைப் பறித்தன. அதே மனிதர்கள், அதே கணக்கறிவு, அதே உழைப்பு. மாறியது சூழல். ஏறும்போதும் இறங்கும்போதும் தனிமனிதத் திறமை மட்டும் கணக்கில் இருக்கவில்லை.

அடைவு என்ற சொல்லின் பொருளும் எங்கும் ஒன்றாக இல்லை. மெக்கிளெலண்டின் அளவீடு தனிமனிதப் போட்டியை முன்னிறுத்தியது என்ற விமர்சனம் உண்டு. அகர்வால், கிரீஷ்வர் மிஸ்ரா ஆகியோர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்கள் நல்ல மனிதராக இருத்தல், குடும்பக் கடமையை நிறைவேற்றல் போன்றவற்றையும் அடைவாகக் கருதுவது தெரிந்தது. தங்கையின் திருமணத்துக்காகவும் தந்தையின் கடனுக்காகவும் படிக்கும் மாணவரின் ஊக்கத்தைப் புற ஊக்கம் என்று தள்ளிவிட முடியாது.

பிறவித் திறமை என்ற நம்பிக்கை செய்யும் வேலை

தோல்விக்கு ஒருவர் கற்பிக்கும் காரணமே அடுத்த முயற்சியைத் தீர்மானிக்கிறது என்பது பெர்னார்ட் வெய்னரின் காரணங்கற்பித்தல் கோட்பாடு. திறமை, முயற்சி, பணியின் கடினம், வாய்ப்பு என நான்கு காரணங்களை மக்கள் சொல்கின்றனர். "நான் படித்த முறை சரியில்லை" என்பவர் முறையை மாற்றுவார். "எனக்கு மூளை இல்லை", "தலையெழுத்து" என்பவர் மாற்றுவதற்கு எதுவுமில்லை என்று நிறுத்திக்கொள்வார்.

இந்த நம்பிக்கை தனிமனிதரின் மனத்தில் மட்டும் பிறப்பதில்லை. சமூகம் அதைக் கையில் கொடுக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் உயர்சாதி மாணவர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதி மாணவர் 321 பேர் ஆகியோரிடம் புதிர்வழி வரைபடங்களைக் கொடுத்துத் தீர்க்கச் செய்தனர். சாதி அறிவிக்கப்படாதபோது இரு பிரிவினரும் ஏறத்தாழச் சமமாகவே செய்தனர். கலந்து அமர்ந்திருந்த குழுவில் ஒவ்வொருவரின் பெயரும் சாதியும் உரக்க வாசிக்கப்பட்டபோது, ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களின் அடைவு குறிப்பிடத்தக்க அளவு வீழ்ந்தது. மூளை மாறவில்லை, அறையில் சொல்லப்பட்ட ஒரு சொல் மாறியது.

திறமை வளரக்கூடியது என்று நம்பும் மாணவர்கள் தோல்வியிலிருந்து எளிதில் மீள்கின்றனர் என்று கரோல் டுவெக் கூறினார். இக்கருத்து பள்ளிகளில் பெரிதும் பரவியது. அமெரிக்காவில் 2019-இல் வெளியான பெரிய ஆய்வு, இதனைக் குறுகிய பாடமாகக் கற்பித்தபோது பின்தங்கிய மாணவரின் மதிப்பெண் சிறிதளவே உயர்ந்தது என்று கண்டது. "உன்னால் முடியும்" என்ற சொல் மட்டும் போதாது. முடியும்படியான பாடமும், நேரமும், உதவியும் அந்தச் சொல்லுடன் வர வேண்டும்.

அழகப்பரின் கல்லூரிகள்: வாய்ப்பு என்னும் காரணி

கடைப் பயிற்சி எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அதன் கதவு குறுகலானது. அது ஒரு சமூகத்தின் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. ஆண்கள் கடல் கடந்திருந்த ஆண்டுகளில் வீட்டின் வரவு செலவையும் சீர்வரிசைக் கணக்கையும் கவனித்தவர்கள் ஆச்சிமார். கணக்கறிவு அவர்களிடமும் இருந்தது. கடையில் இடம் இருக்கவில்லை. அதே ஊர்களில் வாழ்ந்த உழவர், கைவினைஞர், ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. கல்லூரிக் கல்வி வேண்டுமென்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். செலவு தாங்காதவருக்கு அந்த எண்ணமே எழாது.

கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். இலண்டனில் சட்டம் பயின்றார். வணிகத்தில் ஈட்டியதைக் கொண்டு 1947-இல் காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பலதொழில்நுட்பப் பயிலகம், மாண்டிசோரி பள்ளி முதலியவை அடுத்த பத்தாண்டுக்குள் வந்தன. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் அளித்தார். 1948 ஜூலை 25 அன்று ஜவகர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. ஊர்மக்கள் வழக்கில் அது 'சிக்ரி'. அழகப்பர் 1957-இல் காலமானார். 1985-இல் அவர் பெயரில் காரைக்குடியில் பல்கலைக்கழகம் அமைந்தது.

அட்கின்சனின் சொற்களில் கூறினால், கல்லூரி உள்ளூருக்கு வந்தது எதிர்பார்ப்பை உயர்த்தியது. பக்கத்து வீட்டுப் பெண் மிதிவண்டியில் கல்லூரிக்குப் போவதைக் காணும் சிறுமிக்குப் பாண்டுராவின் இரண்டாம் ஊற்று திறக்கிறது. வாய்ப்பு என்பது ஊக்கம் வந்தபின் தேடிப் போகும் பொருள் மட்டுமன்று. ஊக்கத்தையே பிறப்பிக்கும் காரணமும் ஆகும்.

இன்றைய வகுப்பறையில்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்த உளவியல் முடிவுகளோடு பொருந்தும் ஏற்பாடுகள் சில நடைமுறையில் உள்ளன. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புக் குழந்தைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் நிலையிலிருந்து கற்பிக்கிறது. இது அண்மை வளர்ச்சி மண்டலத்தின் வகுப்பறை வடிவம். அரும்பு என்பது தற்காலிக நிலை; குழந்தையின் பெயராக அது மாறிவிட்டால் திட்டத்தின் நோக்கமே கெடும். 1956-இல் காமராசர் ஆட்சியில் வந்த மதிய உணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் பசியால் சிதறும் கவனத்தைப் பாடத்துக்கு மீட்கின்றன. 2017-இல் பொதுத்தேர்வு முடிவுகளுடன் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. பிறரை முந்துவதைவிடப் பாடத்தில் தேர்ச்சி பெறுவதைக் குறிக்கோளாகக் கொள்ளும் மாணவர் கடினமான இடத்தில் நிலைத்து நிற்கிறார் என்ற ஆய்வு முடிவுக்கு இது இசைவானது.

மாணவர் தாமே பின்பற்றக்கூடியவையும் உண்டு.

ஒன்று, படித்த பக்கத்தை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தல். வராத இடம் எது என்று இதனால் உடனே தெரியும்.

இரண்டு, ஒரே நாளில் நான்கு மணி நேரம் படிப்பதைவிட, நான்கு நாட்களில் ஒவ்வொரு மணி நேரம் படித்தல்.

மூன்று, தெரிந்ததற்கு அடுத்த படியில் உள்ள கணக்கைத் தேர்தல். பத்தில் பத்தும் சரியானால் வேலை எளிது. பத்தில் ஒன்றுகூட வராவிட்டால் ஒரு படி இறங்க வேண்டும்.

நான்கு, தவறிய விடையைச் சிவப்புக் கோட்டுடன் விட்டுவிடாமல், எந்த வரியில் தவறியது என்று கண்டுபிடித்தல். ஐந்தொகை நேராகும்வரை பேரேட்டை மூடாத கணக்குப்பிள்ளையின் வழக்கம் இது.

ஐந்து, வகுப்புத் தோழருக்குச் சொல்லிக் கொடுத்தல். சட்டாம்பிள்ளை மற்றவரைவிடத் தெளிவாகக் கற்றதற்கு, நாள்தோறும் பிறருக்கு விளக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.